எபாக்சி நிரப்பிக்கு மரத்தின் நிறம் ஊட்டுதல்

பழைய மரவேலைகளில் தோன்றும் வெடிப்புகளையும், கறையான் அரித்த பள்ளங்களையும், ஆணி கழன்ற துளைகளையும் அடைப்பதற்கு முற்காலத் தச்சர்கள் அரக்கையும், மெழுகையும், வச்சிரப் பசையில் குழைத்த மரத்தூளையும் பயன்படுத்தி வந்தனர். அண்மைக் காலத்தில் இவற்றின் இடத்தை எபாக்சிப் பிசின் பெரும்பாலும் கைப்பற்றியுள்ளது. அது நீரில் கரையாது. இறுகும்போது மிகக் குறைவாகவே சுருங்கும். மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆயினும் நிறத்தைப் பொறுத்தவரை அது எளிதில் வசப்படும் பொருளன்று. நிறம் பொருந்தாத நிரப்பி நல்ல கதவையும் ஒட்டுப்போட்ட துணிபோல ஆக்கிவிடும். அதனைப் பின்னர்த் தோண்டி எடுக்க முயன்றால் சுற்றியுள்ள நல்ல மரமும் உடன் பெயர்ந்து வரும். ஆகவே நிறத்தைப் பற்றிய முடிவு, பிசின் இறுகுவதற்கு முன்னரே செய்யப்பட வேண்டிய ஒன்றாகும்.

இப்பொருளை ஆராய்வதற்குத் திருவனந்தபுரம் மிகவும் ஏற்ற இடமாகும். பத்மநாபசுவாமி கோயிலை அடுத்துள்ள குதிரமாளிகை, 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் மகாராஜாவால் கட்டுவிக்கப்பட்டது. அதன் இறவாரத்தைத் தாங்கும் 122 மரக்குதிரைகளே அதற்கு அப்பெயரைத் தந்தன. 1880-ல் கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகத்திலும் மரவேலைப்பாடு மிகுதி. தெற்கே, கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகிலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை, திருவிதாங்கூர்த் தச்சர்களின் திறனுக்குத் தலைசிறந்த சான்று. 1956-ல் அம்மாவட்டம் தமிழகத்துடன் இணைந்த பின்னரும் அரண்மனை கேரள அரசின் தொல்பொருள் துறையின் பொறுப்பிலேயே இருந்து வருகிறது. இத்தகைய மாளிகைகளுக்கு அப்பால், இப்பகுதியின் பழைய வீடுகளிலும் பள்ளிகளிலும் தேக்கு, பலா, அயினி, ஈட்டி ஆகிய மரங்களாலான கதவுகளும் பெட்டிகளும் எண்ணற்றவை. ஆண்டுக்கு இரு பருவமழைகளைக் காணும் இந்நகரின் ஈரக்காற்று, மரத்தையும் பிசினையும் ஒருங்கே சோதிக்கிறது.

இறுகிய பிசினில் சாயம் ஏறாமை

எபாக்சிப் பிசின், சுவிட்சர்லாந்தில் பியர் காஸ்டானும் அமெரிக்காவில் எஸ். ஓ. கிரீன்லீயும் 1930-களிலும் 1940-களிலும் செய்த ஆராய்ச்சிகளால் பயனுக்கு வந்தது. பிசின் ஒரு பகுதியாகவும், அதனை இறுகச் செய்யும் இறுக்கி மற்றொரு பகுதியாகவும் விற்கப்படுகின்றன. இறுக்கி பெரும்பாலும் அமீன் வகையைச் சேர்ந்தது. இரண்டையும் கலந்தால் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து வலைபோல் ஆகின்றன. அதன் பின் அதனை உருக்கவும் இயலாது; கரைக்கவும் இயலாது.

மரம் இதற்கு நேர்மாறானது. அது நுண்குழாய்களின் தொகுதி. மரத்திற்குப் பூசும் சாயம் அக்குழாய்களுக்குள்ளும் அவற்றின் சுவர்களுக்குள்ளும் ஊறி நிலைபெறுகிறது. இறுகிய எபாக்சியில் நுண்துளை இல்லாமையால் சாயம் மேலேயே நின்று, துடைத்தவுடன் போய்விடும். முதலில் வெளிறிய நிரப்பியை வைத்துவிட்டுப் பின்னர் மரத்தோடு சேர்த்துச் சாயம் பூசிக்கொள்ளலாம் என்று கருதுவோர் இதனாலேயே ஏமாற்றமடைகின்றனர். மரம் கறுக்கும், நிரப்பி மட்டும் பழைய நிறத்திலேயே நிற்கும். நிறம் பிசினின் உள்ளே இருக்க வேண்டும் என்பதே முதல் விதி.

மரத்தூள் கலந்தால் கறுப்பது ஏன்?

அதே மரத்தின் தூளைப் பிசினில் குழைத்தால் அதே நிறம் கிடைக்கும் என்பது இயல்பாகத் தோன்றும் எண்ணம். செய்து பார்த்தால், இளமஞ்சள் நிறத் தூள் கரும்பழுப்பாக மாறிவிடுவதைக் காணலாம். இதன் காரணம் ஒளியியலைச் சேர்ந்தது.

உலர்ந்த மரத்தூள் வெளிறித் தோன்றுவது, அதன் துகள்களுக்கு இடையிலும் உள்ளும் காற்று நிறைந்திருப்பதால் ஆகும். காற்றின் ஒளிவிலகல் எண் 1. மர உயிரணுச் சுவரின் எண் ஏறத்தாழ 1.53. இவ்விரண்டின் எல்லை ஒவ்வொன்றிலும் ஒளி சிதறி, அதன் பெரும்பகுதி கண்ணுக்குத் திரும்புகிறது. எபாக்சியின் ஒளிவிலகல் எண் 1.5-க்கும் 1.6-க்கும் இடைப்பட்டது. அது காற்றை வெளியேற்றி அவ்விடத்தை நிரப்பியவுடன் இரு பொருள்களுக்கும் உள்ள வேற்றுமை மறைகிறது, சிதறல் குறைகிறது, ஒளி ஆழமாகச் சென்று உறிஞ்சப்படுகிறது. நனைந்த மணல் கறுத்துத் தோன்றுவதும், எண்ணெய் பட்ட காகிதம் ஒளி ஊடுருவுவதும் இதே காரணத்தாலாகும்.

தடிப்பூட்டும் பொருள்களையும் இந்த அறிவைக் கொண்டே தேர்ந்தெடுக்கலாம். மிக நுண்ணிய சிலிக்காத் தூளின் ஒளிவிலகல் எண் பிசினின் எண்ணுக்கு அண்மையில் இருப்பதால் அது நிறத்தை அதிகம் மாற்றாமல் குழம்பைத் தடிப்பாக்கும். உள்ளீடற்ற கண்ணாடி நுண்கோளங்களோ காற்றை உள்ளே அடைத்து வைத்திருப்பதால் கலவையை வெளுக்கச் செய்யும். ஆகவே மரத்தூளை ஆழமான பள்ளத்தின் அடிப்பகுதிக்குப் பயன்படுத்தி, மேலே தெரியும் சில மில்லிமீட்டர் பகுதியை மட்டும் நிறமியால் நிறமூட்டுவது சிக்கனமும் ஒழுங்குமான முறையாகும். ஈட்டி போன்ற கருமரங்களுக்கு மட்டும் தூள் கலவையே சில சமயம் போதுமானதாக அமையும்.

நிறமிகளும் அவற்றின் இயல்பும்

கரையும் சாயங்கள் பல, வெயிலில் வெளிறுவன. சில, அமீன் இறுக்கியுடன் வினைபுரிந்து நிறம் மாறுவன. நீர் கலந்த வண்ணங்கள் பிசின் இறுகுவதைக் கெடுக்கும். ஆதலின் உலர்ந்த கனிம நிறமிகளே இவ்வேலைக்கு ஏற்றவை. ஐந்து நிறமிகள் இருந்தால் இப்பகுதியின் மரங்கள் அனைத்தையும் ஏறக்குறைய எட்டிவிடலாம்: மஞ்சட்காவி, செங்காவி, அம்பர் எனப்படும் பழுப்பு மண், விளக்குக்கரி, டைட்டானியம் டை ஆக்சைடு.

காவிகளின் நிறம் இரும்பால் வருவது. நீர்சேர்ந்த இரும்பு ஆக்சைடு மஞ்சளாகவும், நீரற்ற இரும்பு ஆக்சைடு சிவப்பாகவும் இருக்கும். பிரான்சிஸ் புக்கானன் மலபாரில் கண்டு, 1807-ல் லேட்டரைட் என்று பெயரிட்ட செம்பாறையின் நிறமும் இவற்றாலேயே உண்டாவது. திருவனந்தபுரம் மாவட்டத்தின் வர்க்கலைக் கடற்குன்றுகளின் உச்சியில் அதனைக் காணலாம். பழுப்பு மண்ணில் இரும்புடன் மாங்கனீசு ஆக்சைடும் சேர்ந்திருப்பதால் அது சற்றே பசுமை கலந்த கருமை உடையது. இவை யாவும் முன்னரே முழுமையாக ஆக்சிசனேற்றம் பெற்றவை, வெயிலால் மாறுவதில்லை.

வெள்ளை நிறமியான டைட்டானியம் டை ஆக்சைடு இந்நகருக்குப் புதியதன்று. 1946-ல் நிறுவப்பட்ட திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம், நகரின் கொச்சுவேளியில், கடற்கரை மணலில் கிடைக்கும் இல்மனைட்டிலிருந்து இதனை எடுக்கிறது. அங்கு உண்டாவது அனட்டேசு என்னும் படிக வகை. கொல்லம் மாவட்டத்துச் சவறையில் ரூட்டைல் வகை செய்யப்படுகிறது. உட்புற வேலைக்கு இரண்டும் ஏற்றவை. வெயில்படும் இடங்களில் அனட்டேசு, தன்னைச் சூழ்ந்த பிசின் விரைவில் சுண்ணாம்புபோல் உதிரத் துணைசெய்யும். ஆகவே வெளிக்கதவு, சாளரம் முதலியவற்றிற்கு ரூட்டைல் வகையையே கொள்ள வேண்டும்.

வெள்ளையைக் கையாளுவதில் மற்றோர் எச்சரிக்கையும் தேவை. இதன் ஒளிவிலகல் எண் 2.5-க்கும் மேற்பட்டது, எனவே சிறு அளவே பெருஞ்சிதறலை உண்டாக்கி ஒளி உள்ளே செல்லாமல் தடுக்கும். மெருகிட்ட மரத்தின் அழகு, ஒளி ஓரளவு உள்ளே சென்று திரும்புவதிலேயே உள்ளது. வெள்ளை மிகுந்த நிரப்பி, நிறம் சரியாக இருப்பினும், உயிரற்ற மக்கு வைத்தது போலவே காட்சியளிக்கும்.

எந்த நிறத்துடன் ஒப்பிடுவது?

மரத்திற்கு ஒரே நிறம் இல்லை. இழைத்தவுடன் ஒரு நிறம். மெருகிட்டபின் ஒரு நிறம். பல ஆண்டுகளுக்குப் பின் வேறொரு நிறம். புதிதாக அறுத்த தேக்கில் பசுமை கலந்த கோடுகள் தென்படும். ஒளிபட்டபின் அது பொன்பழுப்பாகிறது. பலாமரம் முதலில் மஞ்சளாக இருந்து, காலப்போக்கில் செம்பழுப்பாக ஆழ்ந்துவிடுகிறது. அதன் மஞ்சளுக்குக் காரணமான மோரின் என்னும் பொருளாலேயே பலாக் கட்டையிலிருந்து சாயம் காய்ச்சப்பட்டு, பௌத்தத் துறவிகளின் ஆடைகளுக்கு ஏற்றப்பட்டது. ஈட்டி, ஊதா கலந்த கரும்பழுப்பில் கருங்கோடுகள் உடையது. இரும்பாணியைச் சுற்றி மரத்தின் துவர்ப்பொருளும் இரும்பும் சேர்ந்து நீலக்கருமையான கறை படிவதும் உண்டு. அவ்விடத்துத் துளைக்குச் சுற்றுமரத்தின் நிறம் பொருந்தாது, கறையின் நிறமே பொருந்தும்.

மேற்கூறியவற்றால் சில விதிகள் பெறப்படுகின்றன. உலர்ந்த மரத்துடன் ஒப்பிடலாகாது. ஒப்பிடும் இடத்தை டர்பன்டைனால் நனைத்து, மெருகு ஏறினால் தோன்றும் நிறத்தைக் கண்டு அதனுடன் ஒப்பிட வேண்டும். புதிதாக இழைத்த பலாவையோ தேக்கையோ பழுது பார்க்கும்போது, அன்றைய நிறத்தைவிட அது அடையப்போகும் நிறத்தையே குறிக்கோளாகக் கொள்ள வேண்டும். வைரக்கட்டையின் பின்னணி நிறத்திற்கும் கருமையான ரேகை நிறத்திற்கும் இடையே, கருமையின் பக்கம் சற்றே சாய்ந்த நிறம் நன்று. வெளிறிய புள்ளி கண்ணை இழுக்கும். கரும்புள்ளி மரத்தின் கணுவாகக் கருதப்பட்டு விடப்படும்.

விளக்கொளியில் பொருந்திய இரு நிறங்கள் பகலொளியில் வேறுபடுவதுண்டு. நிறமிகள் வேறாக இருப்பின் அவை ஒளியின் பல நிறக்கதிர்களைத் திருப்பும் அளவும் வேறாக இருப்பதே காரணம். ஆகையால் நேர்வெயில் படாத வடதிசைச் சாளர ஒளியிலும், அப்பொருள் நிலையாக இருக்கப்போகும் இடத்தின் ஒளியிலும் ஒருமுறையேனும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். சாயலைவிட வெளிச்ச அளவின் பிழையே முதலில் கண்ணுக்குத் தெரியும். மாதிரியையும் மரத்தையும் கைப்பேசியில் படமெடுத்து, வண்ணத்தை நீக்கிக் கருப்பு வெள்ளையில் பார்த்தால் அப்பிழை உடனே புலப்படும்.

கலக்கும் முறை

நிறமியை முதலில் பிசின் பகுதியில் மட்டும், இறுக்கி சேர்க்காமல், கண்ணாடித் தகட்டின்மேல் மெல்லிய எஃகுத் தகட்டால் கட்டியின்றித் தேய்த்துக் குழைக்க வேண்டும். இந்நிலையில் காலம் நெருக்குவதில்லை. நிறத்தைப் பொறுமையாகத் திருத்தலாம். தேக்கிற்கு மஞ்சட்காவியை அடிப்படையாக வைத்து, சிறிது செங்காவியும் அதனினும் குறைவாகப் பழுப்பு மண்ணும் சேர்க்கலாம். பழைய பலாவிற்குச் செங்காவியின் பங்கு மிகும். ஈட்டிக்குப் பழுப்பு மண்ணும் கரியும் அடிப்படையாகும். சிவப்பு மிகுந்துவிட்டால் பழுப்பு மண்ணின் பசுஞ்சாயல் அதனைத் தணிக்கும். விளக்குக்கரியை எப்போதும் கடைசியில், ஊசிமுனையளவாகச் சேர்க்க வேண்டும். மிகுந்தால் திருப்ப வழியில்லை. மொத்த நிறமி, பிசினின் எடையில் 5 சதவீதத்துக்கு மேற்படாதிருத்தல் நன்று.

இறுக்கியைச் சேர்க்கும்போது ஒரு கணக்குப் பிழை அடிக்கடி நேர்கிறது. 100 கிராம் பிசினில் 4 கிராம் நிறமி கலந்தால் விழுது 104 கிராம். அதிலிருந்து 26 கிராம் எடுத்தால் அதிலுள்ள பிசின் 25 கிராமே. பிசின் 100 பங்குக்கு இறுக்கி 50 பங்கு என்று உற்பத்தியாளர் எடை விகிதம் குறித்திருந்தால், சேர்க்க வேண்டியது 12.5 கிராம், 13 கிராம் அன்று. விரைவில் இறுகட்டும் என்று இறுக்கியை மிகுதியாகச் சேர்ப்பது தவறு. மிகுதியான இறுக்கி பிணைய இடமின்றி எஞ்சி, நிரப்பியை மென்மையாக்கும்.

இறுக்கி பெரும்பாலும் தேன்நிறம் உடையதாதலால் கலவையின் நிறத்தையும் சற்று மாற்றும். எனவே இறுதி ஒப்பீடு, இறுக்கி சேர்த்து முழுதும் இறுகிய சிறு மாதிரியைக் கொண்டே செய்யப்பட வேண்டும். அம்மாதிரிகளை அதே மரத்துண்டில் சிறு குழிகளில் இட்டு, அருகில் எடைகளை எழுதி வைத்தால், நாளடைவில் அதுவே பணிமனையின் நிற அட்டவணையாகிவிடும்.

நிரப்புதலும் முடித்தலும்

பிசினும் இறுக்கியும் இணையும்போது வெப்பம் வெளிப்படுகிறது. சூழல் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் கலவை கையாளத்தக்க காலம் ஏறத்தாழப் பாதியாகும். குவளையில் மொத்தமாக வைத்த கலவை புகைந்து நிறம் மாறுவதும் உண்டு. எனவே சிறுசிறு அளவாகக் கலந்து, ஆழமான பள்ளத்தைப் படிப்படியாக நிரப்ப வேண்டும்.

ஈரம் மிகுந்த நாள்களில், இறுகிய பரப்பின்மேல் மெழுகு போன்ற ஒட்டும் படலம் தோன்றும். காற்றிலுள்ள நீராவியும் கரியமில வாயுவும் அமீனுடன் சேர்வதால் உண்டாவது அது. அடுத்த படலத்தையோ மெருகையோ அதன்மேல் இட்டால் பற்றாது. அதனை நீரால் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் தேய்க்க வேண்டும். கழுவாமல் உப்புத்தாளிட்டால் படலம் பரவுமேயன்றி நீங்காது.

நிரப்பி மரத்தைவிடக் கடினமானது. வெறுங்கையால் உப்புத்தாளிட்டால் சுற்றியுள்ள மரம் தேய்ந்து நிரப்பி மேடாக நிற்கும். கூரிய உளியாலோ சுரண்டு தகட்டாலோ மட்டம் செய்து, பின்னர்த் தாளைக் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். பெரிய பரப்பாயின், ஊசியால் ரேகைகளைக் கீறி, கருநிற விழுதை அக்கீறல்களில் தேய்த்தால் மரத்தின் ரேகை தொடர்ந்து செல்வது போலத் தோன்றும். பொது வகை எபாக்சி, வெயிலின் புற ஊதாக் கதிர்களால் மஞ்சளாகிப் பின் உதிரும். ஆகவே வெளிப்புற வேலைக்கு அக்கதிர்களைத் தடுக்கும் வார்னிஷ் மேற்பூச்சு இன்றியமையாதது.

நிரப்பலாகாத இடங்கள்

நிறம் எவ்வளவு பொருந்தினும், நிரப்பி மரத்தோடு அசைவதில்லை. மரம் ஈரத்தை ஏற்று விரிந்தும் இழந்து சுருங்கியும் வருவது. பச்சை நிலையிலிருந்து முற்றும் உலரும்போது, தேக்கு ஆரத்திசையில் ஏறத்தாழ 2.5 சதவீதமும், வளையங்களைத் தொட்டுச் செல்லும் திசையில் ஏறத்தாழ 6 சதவீதமும் சுருங்குகிறது. நீளவாட்டில் சுருக்கம் மிகச் சிறிது. மாசி, பங்குனி மாதங்களின் வறட்சியில் அகன்ற வெடிப்பைக் கெட்டியான எபாக்சியால் அடைத்துவிட்டால், ஆடி மழையில் மரம் விரிய இடமின்றி நசுங்கும். அடுத்த வறட்சியில் அது முன்னிலும் மிகுதியாகச் சுருங்கி, நிரப்பியின் ஓரத்திலோ அதற்கு அப்பால் நல்ல மரத்திலோ புதிய வெடிப்பைத் தோற்றுவிக்கும். சிற்பத்தில் அவ்வெடிப்பு முகத்திலும் விழலாம்.

ஆதலால் பருவத்தோடு திறந்து மூடும் நீண்ட வெடிப்பை அப்படியே விடுவதோ, அதே மர இனத்தின் மெல்லிய துண்டை ஒரு பக்கம் மட்டும் ஒட்டிச் செருகுவதோ மேலானது. உத்தரம், தூண் போன்ற பளுதாங்கும் உறுப்புகளின் பழுதைப் பொறியாளர் பார்வையிடாமல் நிரப்பி மறைப்பது ஆபத்தானது. கறையான் உள்ளே உயிரோடிருக்க, வெளித்துளையை நிறம் பொருத்தி அடைப்பதும் அத்தகையதே.

குதிரமாளிகையின் சிற்பங்களைப் போன்ற மீண்டும் கிடைக்காத பொருள்களில் விதிகள் மேலும் கடுமையானவை. பாதுகாக்கப்பட்ட சின்னங்களில் உரிய துறையின் அனுமதியின்றி எதுவும் செய்யலாகாது. அங்குப் பாதுகாப்பு வல்லுநர்கள், பின்னாளில் நீக்கத்தக்க பொருளையே முதலில் நாடுவர். எபாக்சி தவிர்க்க இயலாதபோது, கரைப்பானில் கரையும் அக்ரிலிக் பிசினை மரத்தில் தடுப்புப் படலமாகப் பூசி, அதன்மேல் நுண்கோளங்கள் கலந்த, மரத்தைவிட மென்மையான நிரப்பியை வைப்பர். நாளை மரம் அசைந்தால் உடைய வேண்டியது நிரப்பியே என்பது அவர்களது கொள்கை. தொலைவில் நோக்குவோர்க்குத் தெரியாமலும், அருகில் வந்து ஆராய்வோர்க்குத் தெரியுமாறும் நிறத்தை அமைத்து, செய்த இடம், நாள், பொருள் ஆகியவற்றைக் குறித்து வைப்பர். அடுத்த தலைமுறையின் ஆராய்ச்சியாளரை ஏமாற்றும் அளவிற்கு நிறம் பொருத்துவது அங்குத் திறமையாகக் கொள்ளப்படுவதில்லை.

கைகளின் பாதுகாப்பு

இறுகாத எபாக்சியும் அமீன் இறுக்கியும் தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவன. ஒருமுறை அவ்வொவ்வாமை ஏற்பட்டவர்க்கு, பின்னர் மிகச் சிறிய அளவு பட்டாலும் கொப்புளமும் அரிப்பும் தோன்றும். பெரும்பாலும் அது வாழ்நாள் முழுதும் நீங்காது. அத்தகைய தச்சர் இத்தொழிற்பகுதியையே கைவிட நேரிடும். ஆகவே நைட்ரைல் கையுறை கட்டாயம். தோலில் பட்ட பிசினை அசெட்டோனால் துடைக்கலாகாது; அது பிசினைத் தோலின் உள்ளே செலுத்தும். சோப்பும் நீருமே தக்கவை. முழுதும் இறுகாத நிரப்பியைத் தேய்க்கக் கூடாது. தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிதல் வேண்டும்.

வகுப்பறைச் சோதனைகள்

மாணவர் கையில் எபாக்சியைத் தருதல் கூடாது. அதன் அறிவியலைப் பின்வரும் எளிய சோதனைகளால் ஆசிரியர் விளக்கலாம்.

முதலாவது: உலர்ந்த தேக்குத்தூளை மூன்று வெண்பீங்கான் தட்டுகளில் இட்டு, ஒன்றை அவ்வாறே விட்டு, மற்றொன்றில் நீரும், மூன்றாவதில் ஆளிவிதை எண்ணெயும் ஊற்றவும். நீரின் ஒளிவிலகல் எண் 1.33, எண்ணெயின் எண் ஏறத்தாழ 1.48. எண்ணெயில் தூள் கூடுதலாகக் கறுப்பதைக் கண்டு, காரணத்தை மாணவர் கூறச் செய்யவும்.

இரண்டாவது: சிறிது மஞ்சட்காவியை இரும்புக் கரண்டியில் ஆசிரியரே சூடாக்கிக் காட்டவும். நீர் நீங்கி அது செந்நிறமாவதிலிருந்து, இரு காவிகளும் ஒரே இரும்பின் இரு நிலைகள் என்பது விளங்கும்.

மூன்றாவது: புதிதாக இழைத்த பலாப்பலகையின் ஒரு பாதியைக் கருந்தாளால் மூடி, சில வாரங்கள் வெயிலில் வைக்கவும். தாளை நீக்கியதும் தோன்றும் எல்லைக்கோடு, நிறத்தைப் பொருத்துவோர் காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியதன் அவசியத்தைச் சொற்களைவிடத் தெளிவாக உணர்த்தும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்துக் கூறின்: நிறம் பிசினின் உள்ளே இருத்தல் வேண்டும், நனைந்த மரத்துடன், இருக்கப்போகும் இடத்து ஒளியில், இறுகிய மாதிரியைக் கொண்டு ஒப்பிடுதல் வேண்டும், மரம் அடையப்போகும் நிறத்தையும் அது அசையப்போகும் அளவையும் முன்கூட்டியே எண்ணுதல் வேண்டும். பழுது பார்க்கும் பணியில் மரமே முதன்மையானது. நிரப்பி அதற்கு அடங்கி நிற்பது. இதனை மனத்திற்கொண்ட பணியாளர், நிரப்பியைக் கலப்பதற்கு முன், அவ்வெடிப்பை நிரப்பத்தான் வேண்டுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்வார்.